மரத்தவளைகள் எத்தனை விதம்? குளியலறைச் சுவரில் ஒட்டியிருப்பது அவற்றில் எது?

கேள்வி: “எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் ராத்திரியானால் ஒரு தவளை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மரத்தவளை என்கிறார்கள். மரத்தவளை என்பது ஒரே இனமா, உலகத்தில் எத்தனை வகை இருக்கிறது? இது விஷமா? மாடித் தொட்டியின் உள்சுவரில் வெள்ளை நுரை போல ஒன்று தெரிகிறது, அதுவும் இதன் வேலையா?”

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். சமவெளி ஊர் என்றால், சுவரில் இருப்பது அநேகமாகப் பாலிபெடேட்டஸ் மேக்குலேட்டஸ் என்ற மரத்தவளை. விஷம் கிடையாது. நுரை அதனுடையதுதான், உள்ளே முட்டைகள் இருக்கும், கழுவிவிடாதீர்கள். எத்தனை வகை என்ற கேள்விக்குத்தான் ஒற்றை எண்ணில் பதில் சொல்ல முடியாது. மரத்தில் வாழப் பழகிய தவளைகள் உலகின் பல மூலைகளில் தனித்தனியாக உருவாகியிருக்கின்றன. அவை எல்லாவற்றுக்கும் சேர்த்து நாம் வைத்த பொதுப்பெயர்தான் மரத்தவளை.

உங்கள் வீட்டு விருந்தாளியை உறுதிசெய்ய முதுகைப் பார்த்துப் பயனில்லை. வெளிர் வைக்கோல் நிறத்திலிருந்து அடர் பழுப்பு வரை அது மாறிக்கொண்டே இருக்கும். விரல் நுனியைப் பாருங்கள், வட்டமாகத் தட்டையாக விரிந்திருக்கும். அடுத்து அது காலை நீட்டும் நேரத்தில் தொடையின் பின்பக்கத்தைப் பாருங்கள். கரும்பழுப்புப் பின்னலுக்கு நடுவே மஞ்சள் வட்டப் புள்ளிகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். ஆண் ஐந்தாறு சென்டிமீட்டர், பெண் ஏழெட்டு சென்டிமீட்டர் இருக்கும். இதோடு பலரும் குழப்பிக்கொள்வது யூபெரோடான் டாப்ரோபனிகஸ் என்ற குண்டுத் தவளையை. அதுவும் சுவரிலும் மரத்திலும் ஏறும். ஆனால் அதன் விரல் நுனி வட்டமாக இராது, வெட்டிவிட்டதுபோல முக்கோணமாக முடியும். முதுகில் கரும்பழுப்பின் மேல் செங்கல் நிறத் திட்டுகள் இருக்கும், வாய் சிறியது. அது மரத்தவளைக் குடும்பங்கள் எதிலும் சேராது. இலங்கையிலிருந்து கேட்கிறீர்கள் என்றால், ஈரமான பகுதிகளில் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் பாலிபெடேட்டஸ் குருசிகராக இருக்கும். அதன் முதுகில் மணற்கடிகாரம் போன்ற கருமையான வடிவம் இருப்பது வழக்கம். அந்த இனம் இலங்கைக்கு மட்டுமே உரியது.

இனி குடும்பக் கதை. 1758ல் உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் ஐரோப்பிய மரத்தவளைக்கு அர்போரியா என்று பெயர் வைத்தார். இன்று அது ஹைலா அர்போரியா. அந்தக் குடும்பம் ஹைலிடே. வட, தென் அமெரிக்காக்களில்தான் அதன் செழிப்பு, ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் சில இனங்களே உண்டு. ஆஸ்திரேலியா, நியூகினி மரத்தவளைகளும் மத்திய, தென் அமெரிக்காவின் இலைத்தவளைகளும் இதன் நெருங்கிய கிளைகள். சிலர் அவற்றைத் தனிக் குடும்பங்களாக வைக்கிறார்கள், சிலர் உள்ளேயே சேர்த்துக்கொள்கிறார்கள். எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய ஆயிரம் இனங்கள். நம்மூர் மரத்தவளைகள் இந்த வழி வந்தவையே அல்ல. ஆசியாவில் செழித்த ராக்கோஃபோரிடே என்ற குடும்பம் நம்முடையது, அதில் 400க்கும் மேற்பட்ட இனங்கள். வயலில் கத்தும் தவளைகளுக்குத்தான் இவை கிட்டத்துச் சொந்தம், அமெரிக்க மரத்தவளைக்குத் தூரம். ஹைலாவில் ஒன்று இந்தியாவிலும் உண்டு. ஹைலா அனெக்டன்ஸ் என்ற பச்சைத் தவளை, வடகிழக்கு மலைகளோடு நின்றுவிடுகிறது. ஆப்பிரிக்காவில் ஹைப்பரோலிடே என்ற நாணல் தவளைக் குடும்பமும், வேறொரு வழியில் வந்த லெப்டோபெலிஸ் மரத்தவளைகளும் இருக்கின்றன. மடகாஸ்கரில் பூஃபிஸ். மத்திய, தென் அமெரிக்காவில் வயிற்றுத் தோல் வழியே உள்ளுறுப்பு தெரியும் கண்ணாடித் தவளைகள். இத்தனையையும் ஒரு மேசையில் வரிசையாக வைத்தால் பெரிய கண், நீண்ட கால், வட்ட விரல் நுனி என்று ஒரு தாய் பிள்ளைகளாகத் தெரியும். தனித்தனி வழியில் வந்தவை ஒரே மாதிரி வேலைக்காக ஒரே மாதிரி உருவெடுத்திருக்கின்றன.

நேர்மாறானதும் உண்டு. மரத்தவளைக் குடும்பத்தில் பிறந்தும் மரமேறாதவை. ஆஸ்திரேலியப் பாலைப் பகுதியில் மண்ணுக்குள் புதைந்து, உடலில் நீரைச் சேமித்துக்கொண்டு அடுத்த மழைவரை காத்திருக்கும் தவளை அந்த ஊர் மரத்தவளைக் கிளையைச் சேர்ந்தது. வட அமெரிக்காவின் அக்ரிஸ் தவளைகள் ஹைலிடேதான், ஆனால் குட்டையோரச் சேற்றில் துள்ளித் திரிவதோடு சரி. ஆகவே மரத்தில் கண்டதால் அது இன்ன குடும்பம் என்றோ, குடும்பப் பெயர் தெரிந்ததால் அது மரத்தில் இருக்கும் என்றோ முடிவுகட்ட முடியாது.

ஒட்டுவது எப்படி என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பல்லியின் கால் வேலைசெய்யும் விதம் வேறு, இது வேறு. பல்லிக்கு உலர்ந்த நுண்மயிர்கள். தவளையின் விரல் தட்டு ஈரமானது. அதன் அடிப்புறம் முழுக்க அறுகோணச் செல்கள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகலம். செல்லுக்குச் செல் நடுவே நுண்ணிய வாய்க்கால். சளிச் சுரப்பி அந்த வாய்க்கால்களில் திறக்கிறது. காலை வைத்தவுடன் மெல்லிய நீர்ப்படலம் பரவி இடுக்குகளை நிரப்புகிறது, மிகையானது வாய்க்கால் வழியே வெளியேறிவிடுகிறது. படலம் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு பிடி. செல்லின் உச்சியில் இன்னும் நுண்ணிய குமிழ்கள் இருக்கின்றன, அவை பரப்பையே தொட்டு உராய்வு தருகின்றன. வழுக்காமல் நிற்பது அதனால்தான். கடைசி விரலெலும்புக்கும் அதற்கு முந்தையதற்கும் நடுவே ஒரு சின்னக் கூடுதல் துண்டு இருக்கிறது, பல இனங்களில் அது குருத்தெலும்பு. விரல் எந்தக் கோணத்தில் வளைந்தாலும் தட்டு மட்டும் சுவரோடு படுத்தே கிடக்க அதுதான் காரணம்.

கழற்றுவதும் ஒரு கலைதான். தட்டை நேராக இழுத்தால் வராது, பின் ஓரத்திலிருந்து உரித்தால் உடனே வந்துவிடும். முன்னோக்கி நடக்கும்போது தவளை அப்படித்தான் காலை எடுக்கிறது. தலைகீழாகத் தொங்கும் நிலையில் உடல் எடையே தட்டை உரிக்கப் பார்க்கும். அதனால் அது தலையை மேலே வைத்துத் திரும்பிக்கொள்ளும். பரப்பு செங்குத்தையும் தாண்டிக் கவிழ்ந்தால் நான்கு காலையும் பக்கவாட்டில் அகட்டிவிடும். கால் அகல அகல, இழுக்கும் கோணம் குறைந்து பிடி காக்கும். குளியலறை டைல்ஸில் இதை நீங்களே பார்க்கலாம். தூசி ஒட்டினால் பிடி போய்விடும், இரண்டு மூன்று அடி எடுத்துவைப்பதற்குள் புதுச் சளி அதைக் கழுவிவிடும். சுண்ணாம்பு உதிரும் சுவரிலும், நீர் வழிந்தோடும் கண்ணாடியிலும் சறுக்கி விழுவது இந்தக் கணக்கு தப்புவதால்தான்.

உயரத்தில் இருப்பவை கீழே வரக் கண்டுபிடித்த வழி சறுக்கிப் பறப்பது. 1855ல் போர்னியோ தீவின் சரவாக்கில் இருந்த இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸிடம் ஒரு சீனத் தொழிலாளி பெரிய தவளை ஒன்றைக் கொண்டுவந்து, உயரமான மரத்திலிருந்து சாய்வாகப் பறப்பதுபோல் இறங்கியது என்றார். வாலஸ் அளந்து பார்த்தார். உடல் சுமார் 4 அங்குலம், நான்கு பாதங்களின் சவ்வையும் விரித்தால் ஏறத்தாழ 12 சதுர அங்குலம். ராக்கோஃபோரஸ் நைக்ரோபால்மேட்டஸ் என்று அதற்குப் பிறகு பெயர் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ராக்கோஃபோரஸ் மலபாரிகஸும் அதே வகை, பத்து சென்டிமீட்டர் வரை வளரும், விரலிடைச் சவ்வு செம்மஞ்சள். அதன் தம்பி போன்ற ராக்கோஃபோரஸ் சூடோமலபாரிகஸ் ஆனைமலையிலிருந்து 2000ல்தான் விவரிக்கப்பட்டது.

ஆனால் மரத்தவளைகளின் உண்மையான பன்மை நிறத்திலோ பறப்பதிலோ இல்லை, முட்டையை எங்கே வைப்பது என்பதில் இருக்கிறது. தவளை முட்டைக்கு ஓடு கிடையாது, காய்ந்தால் செத்தது. குளத்தில் இட்டால் மீனும் நீர்ப்பூச்சியும் தின்றுவிடும். மரத்துக்குப் போனவை இந்த இரண்டுக்கும் நடுவே வழி தேடியிருக்கின்றன. ஒவ்வொரு கண்டத்திலும் கிடைத்த விடை வேறு.

நம் பாலிபெடேட்டஸின் விடை நுரை. பெண் ஒரு திரவத்தைச் சுரந்து, பின்னங்காலால் முட்டை வெள்ளைக்கருவை அடிப்பதுபோல அடித்துப் பொங்கவைத்து, அதற்குள் சில நூறு முட்டைகளை இடும். நீருக்கு நேர்மேலே இருக்கும் கிளை, இலை, தொட்டிச் சுவர் எதுவானாலும் அதற்குச் சம்மதம். வெளிப்பக்கம் காய்ந்து தோல்போல ஆகிவிடும், உள்ளே ஈரம் நிற்கும். மூன்று நான்கு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் உள்ளே குஞ்சுகள் நெளிய ஆரம்பிக்கும், நுரை கரைந்து தலைப்பிரட்டைகள் சொட்டுச் சொட்டாக நீரில் விழும். தென்னாப்பிரிக்கப் பக்கத்துக் கைரோமான்டிஸ் ஜெராம்பெலினாவும் நுரைதான் கட்டுகிறது. அங்கே ஒரு பெண்ணோடு பல ஆண்கள் சேர்ந்து நுரையைக் கடைவார்கள். குடகு, வயநாட்டுப் பக்கத்து ராக்கோஃபோரஸ் லேட்டராலிஸ் பெண் இலையையே மடித்து முட்டையை மூடிவைக்கிறது.

மத்திய அமெரிக்காவின் செங்கண் மரத்தவளை, அகாலிக்னிஸ் காலிட்ரியாஸ், நுரை கட்டுவதில்லை. குளத்தின் மேல் தொங்கும் இலையில் வழுவழுப்பான முட்டைத் திரளை ஒட்டிவைக்கும். வழக்கமாக ஆறேழு நாளில் பொரியும். கேரன் வார்கென்டின் 1995ல் வெளியிட்ட ஆய்வு இதில் அதிசயமான ஒன்றைக் காட்டியது. பாம்பு வந்து திரளைக் கடித்து இழுக்க ஆரம்பித்தால், பருவம் வராத கருக்கள்கூட முன்கூட்டியே பொரிந்து நீரில் குதித்துவிடுகின்றன. பாம்பின் இழுப்பில் எழும் அதிர்வை அவை உணர்கின்றன. மழை அடித்தாலும் இலை அதிரத்தான் செய்யும், ஆனால் மழைக்கு அவை அசைவதில்லை. அதிர்வின் நீளமும் இடைவெளியும் வேறு என்று பிரித்தறிகின்றன. மூக்கு நுனியில் ஒரு சுரப்பி நொதியைக் கக்கிச் சவ்வை அந்த இடத்தில் மட்டும் கரைக்கிறது, வினாடிகளில் கரு வெளியே. சும்மா முன்கூட்டியே பொரிந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். சிறியதாக விழும் தலைப்பிரட்டையை நீரில் மீனும் இறாலும் எளிதாகப் பிடித்துவிடும். ஆபத்து இல்லாதவரை இலையில் இருப்பதே லாபம்.

இன்னொரு கூட்டம் தலைப்பிரட்டைப் பருவத்தையே கைவிட்டுவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ராவோர்கெஸ்டெஸ் புதர்த்தவளைகளும், இலங்கையின் சூடோஃபிலாட்டஸ்களும் அப்படி. பெரும்பாலும் கட்டைவிரல் அளவுகூட வராத தவளைகள், சருகிலோ இலையிலோ கொஞ்சம் முட்டைகள். மூன்று நான்கு வாரத்தில் முட்டைக்குள்ளிருந்து நேராகக் குட்டித்தவளை வரும். குளமே தேவையில்லை என்பதால் ஒவ்வொரு மலைச்சரிவிலும் தனித்தனியாகத் தங்கிவிட்டன. ஒரே மலைத்தொடரில் இத்தனை இனங்கள் பெருகியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனைமுடி உச்சிப் புல்வெளியில் வாழும் ராவோர்கெஸ்டெஸ் ரெஸ்ப்ளென்டென்ஸ் ஆரஞ்சு கலந்த சிவப்பு நிறம், குட்டைக் கால். அந்தச் சின்ன உச்சிப் பகுதியை விட்டால் வேறெங்கும் இல்லை. ராவோர்கெஸ்டெஸ் சலாசோடஸ் இன்னும் விசித்திரம். 136 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் 2011ல் திரும்பக் கிடைத்ததாக அறிவிக்கப்பட்டது. களக்காடு முண்டந்துறையில் கவனித்தபோது, மெல்லிய மூங்கிலின் கணுவிடைக்குள் ஒரு சின்னப் பிளவு வழியாக நுழைந்து, உள்ளேயே முட்டையிட்டு, ஆண் காவல் இருப்பது தெரியவந்தது. மூங்கிலைத் தாறுமாறாக வெட்டினால் அதற்கு என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மரப்பொந்தில் தேங்கிய நீரை நம்பி வாழ்பவற்றுக்கு இடம் பாதுகாப்பு, சாப்பாடுதான் தட்டுப்பாடு. 1870க்குப் பிறகு காணாமல்போய், வடகிழக்கு இந்தியாவில் மீண்டும் கிடைத்ததாக 2016ல் அறிவிக்கப்பட்ட ஜெர்டனின் மரத்தவளையில், தாய் திரும்ப வந்து கருவுறாத முட்டைகளைக் குஞ்சுகளுக்கு உணவாக இடுகிறது. தலைப்பிரட்டைக்கு மற்றவற்றுக்கு இருக்கும் கொம்புப்பல் வரிசை கிடையாது, முட்டையை விழுங்கப் பல் எதற்கு? ஜமைக்காவில் அன்னாசிக் குடும்பச் செடியின் இலையிடுக்கு நீரில் வளரும் ஒரு மரத்தவளை இதே வழியைத் தனியாகக் கண்டுபிடித்திருக்கிறது. ஆண்டிஸ் மலையின் காஸ்ட்ரோதேக்கா பெண் முதுகுத் தோலடியில் ஒரு பையிலேயே முட்டையைச் சுமக்கும். சில இனங்களில் அங்கிருந்து தலைப்பிரட்டை இறங்கும், சிலவற்றில் முழுத் தவளையே இறங்கும். பிரேசிலின் போவானா ஃபாபெர் ஆண், குட்டை ஓரத்தில் களிமண்ணைக் குழைத்து வட்டமாகக் கரை கட்டித் தனக்கென ஒரு கிண்ணம் செய்துகொள்ளும்.

அடுத்த சிக்கல் வறட்சி. தவளைத் தோல் நீரைப் பிடித்துவைக்காது, ஆனால் மரத்தில் வெயிலும் காற்றும் அதிகம். தென் அமெரிக்கக் கிரான் சாக்கோவின் ஃபைலோமெடூசா சாவாகீ தன் தோல் சுரக்கும் மெழுகை நான்கு காலாலும் முதுகு, வயிறு, தலை என்று ஓரிடம் விடாமல் தடவிவிட்டுப் பகல் முழுக்க அசையாமல் உட்கார்ந்துவிடும். சிறுநீரில் நீர் வீணாகாமலிருக்கப் பறவைபோல யூரிக் அமிலமாகக் கழிக்கிறது. மேலே சொன்ன கைரோமான்டிஸும் அப்படியே, கூடவே வெயிலில் வெண்மையாகிவிடும். உங்கள் பாலிபெடேட்டஸுக்கும் இந்தத் தடவும் பழக்கம் உண்டு. கொழுப்புச் சுரப்பைக் காலால் உடம்பெங்கும் பூசிக்கொள்வதை ஆய்வாளர்கள் 1990களில் பதிவுசெய்திருக்கிறார்கள். சித்திரை வைகாசியில் அது கைகால்களை உடம்புக்கடியில் மடக்கி, அழுத்திவைத்த களிமண் உருண்டையாக நாள்கணக்கில் கிடந்தால் செத்துவிட்டதென்று எடுத்துப்போட வேண்டாம். குளிர்நாட்டில் பிரச்சினை மறுபக்கம். வட அமெரிக்கச் சாம்பல் மரத்தவளை குளிர்காலத்தில் கிளிசரால் சேர்த்துக்கொண்டு, உடல் நீரில் ஏறத்தாழ 40 சதவீதம் உறைந்த பிறகும் பிழைத்தெழுகிறது.

நிறத்துக்கு வருவோம். பச்சைத் தவளையில் பெரும்பாலும் பச்சை நிறமியே இருக்காது. தோலில் மேலே மஞ்சள் நிறமிச் செல், நடுவே நீலத்தைச் சிதறடிக்கும் படிகச் செல், அடியில் கருநிறமிச் செல். நீலம் மஞ்சள் வழியாக வெளியே வரும்போது பச்சை. மஞ்சள் போனால் நீலம். ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளைக்கு 1790ல் ‘செருலியா’, அதாவது நீலம், என்று பெயர் விழுந்தது சாராயத்தில் ஊறி மஞ்சள் கரைந்துபோன மாதிரியைப் பார்த்ததால். கண்ணாடித் தவளையிலும் வேறு பல மரத்தவளைகளிலும் கதை வேறு. பித்த நிறமியான பைலிவெர்டின் ஒரு புரதத்தோடு சேர்ந்து இரத்தத்திலும் திசுவிலுமே பச்சை ஏற்றுகிறது. மற்ற விலங்கில் அந்த அளவு இருந்தால் மஞ்சள்காமாலை முற்றிவிட்டதென்று பொருள். கண்ணாடித் தவளை தூங்கும்போது சிவப்பணுக்களில் 89 சதவீதம் அளவை ஈரலில் ஒதுக்கிவைத்து இன்னும் ஊடுதெளிவாகிவிடும் என்பது 2022ல் தெரிந்தது. இரத்த அணுக்களை இப்படி நெருக்கி அடைத்தும் இரத்தம் ஏன் கட்டிதட்டுவதில்லை என்பது மருத்துவர்களுக்கும் ஆர்வமான கேள்வி.

விஷம் பற்றி. பெரும்பாலான மரத்தவளைகளின் தோல் சுரப்பு கண்ணில் பட்டால் எரியும், அவ்வளவுதான். ஃபுளோரிடாவில் பெருகிவிட்ட கியூபா மரத்தவளை அந்த வகையில் கொஞ்சம் கடுமை. நிஜமாகவே பயப்பட வேண்டியவை பிரேசிலில் இரண்டு: அபராஸ்ஃபெனோடான் ப்ரூனோய், கோரித்தோமான்டிஸ் கிரீனிங்கி. மண்டையோட்டில் முட்கள் உண்டு, அவை நச்சுச் சுரப்பிகளைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். பொந்து வாயைத் தலையாலேயே அடைத்து உட்காரும், பிடித்தால் தலையால் முட்டும். 2015ல் வெளியான ஆய்வின்படி, முதலாவதின் நச்சு அந்த ஊர் போத்ரோப்ஸ் விரியன் விஷத்தைவிட 25 மடங்கு வீரியம். அமேசான் காட்டின் ஃபைலோமெடூசா பைகலர் சுரப்பைச் சுட்ட தோலில் பூசும் ‘கம்போ’ என்ற சடங்கை இப்போது சில ஊர்களில் உடல் சுத்திகரிப்பு என்று விற்கிறார்கள். அதனால் மரணங்கள் பதிவாகியிருக்கின்றன. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இனங்களின் எண்ணிக்கை ஏன் ஆண்டுதோறும் ஏறுகிறது என்பதற்கும் ஒரு வார்த்தை. வட அமெரிக்கச் சாம்பல் மரத்தவளை என்று ஒன்றாகக் கருதியது உண்மையில் இரண்டு. ஒன்றுக்கு 24 குரோமோசோம், மற்றதற்கு 48. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, ஆனால் கூப்பிடும் குரலின் துடிப்பு வேகம் வேறு. பெண் தவளைக்கு அது தெளிவாகவே தெரியும். நம் புதர்த்தவளைகளிலும் பலவற்றைப் பிரித்துக் காட்டியது குரலும் மரபணுவும்தான். யாரிடமாவது இனம் கேட்கப் படம் அனுப்புகிறீர்கள் என்றால் முதுகுப் படம் ஒன்றை மட்டும் அனுப்பிப் பிரயோசனமில்லை. பக்கவாட்டு முகம், கை விரல், பாதச் சவ்வு, தொடைப் பின்புறம் ஆகியவற்றோடு கைபேசியில் அரை நிமிடக் குரல் பதிவும் சேருங்கள்.

குறைவதும் வேகமாக நடக்கிறது. 2023ல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டில் நீர்நில வாழ்வனவற்றில் 41 சதவீதம் அழியும் அபாயத்தில் இருந்தன. காடழிப்பு, வெப்பம், தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை ஆகியவை முக்கியக் காரணங்கள். பனாமாவின் எக்னோமியோஹைலா ராபோரம் 2008ல்தான் பெயர் பெற்றது. தெரிந்தவரை அதன் கடைசித் தவளை 2016 செப்டம்பரில் அட்லாண்டா தாவரவியல் பூங்காவில் இறந்தது. இலங்கைச் சூடோஃபிலாட்டஸ்களில் பதினைந்துக்கு மேல் அழிந்ததாகவே பட்டியலில் இருக்கின்றன. ஒரு மலையில் தவளை பார்த்துவிட்டு இன்னொரு மலைக்குப் போகிறவர்கள் காலணியைச் சேறு போகத் தேய்த்துக் கழுவி, 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச்) கரைசலில் ஒரு நிமிடம் நனைத்து, நன்றாகக் காயவைத்த பிறகே போட வேண்டும். சேறு இருக்கும்போது மருந்து வேலை செய்யாது என்பதால் கழுவல்தான் முதலில்.

தென்னை வைத்திருப்பவர்கள் ஒல்லிக்காய் விழுந்தால் ‘தேரை மோந்துவிட்டது’ என்பார்கள். பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மகரந்தச் சேர்க்கைக் குறையும், பொட்டாஷ், போரான் சத்துக் குறையும்தான் அதற்குக் காரணம். தவளையை விரட்டிவிட்டு உரத்தை விட்டால் ஒல்லிக்காய் நிற்காது.

கடைசியாக உங்கள் வீட்டுக் காரியம். குளியலறைக்கு அது வருவது குளிர்ச்சிக்கும், விளக்குக்கு வரும் பூச்சிக்கும். தண்ணீரை அது வாயால் குடிப்பதில்லை, அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சும். ஈரத் தரையில் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதற்காக. அதே காரணத்தால் ஃபினாயிலும் ஆசிட்டும் தெளித்த தரை அதற்கு நேரடி நஞ்சு. வெளியேற்ற வேண்டுமென்றால் மக்கை மேலே கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி எடுங்கள். கையால்தான் முடியும் என்றால் சோப்பு, சானிட்டைசர், கொசுமருந்து எதுவும் இல்லாத ஈரக் கையாக இருக்கட்டும், பிறகு கையைக் கழுவிவிடுங்கள். பொழுது சாய்ந்த பிறகு பக்கத்துச் செடியில் விடுங்கள். திரும்பி வருவதை நிறுத்த ஜன்னல் வலையும் வடிகால் மூடியும்தான் வழி.

நுரை குடிநீர்த் தொட்டிக்குள் இருப்பதால் நகர்த்தத்தான் வேண்டும். கட்டிய அன்றே தொட்டால் கலைந்துவிடும், வெளிப்பக்கம் இறுகட்டும், ஒரு நாள் பொறுங்கள். பிறகு நனைத்த மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் சுவருக்கும் நுரைக்கும் நடுவே மெதுவாகச் செருகி முழுசாகப் பெயர்த்தெடுங்கள். ஒரு அகலமான டப்பில் 10 முதல் 15 சென்டிமீட்டர் தண்ணீர், குறுக்கே இரண்டு மூன்று குச்சி, அதன்மேல் நுரை. இடம் நிழலாக இருக்க வேண்டும். மாநகராட்சித் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்துவைத்த தண்ணீராக இருக்க வேண்டும். நுரை மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், சீக்கிரம் கரைந்து முதிராத கருக்கள் விழுந்துவிடும். மிகவும் காற்றடிக்கும் நாளில் லேசாகத் தெளித்தால் போதும்.

தலைப்பிரட்டைகள் விழுந்ததும் எல்லாவற்றையும் ஒரே டப்பில் வளர்க்க நினைக்க வேண்டாம். 20 லிட்டருக்கு இருபது முப்பதுக்கு மேல் போனால் வளர்ச்சி நின்று, தண்ணீர் கெட்டு, மொத்தமும் போகும். மிச்சத்தை அதே ஊரில் மீன் இல்லாத தேங்கிய குட்டையில் விடுங்கள். கொசுப்புழு தின்பதற்காகக் கம்பூசியா மீன் விட்ட கிணறோ தொட்டியோ கூடாது, ஒரே நாளில் தின்று தீர்த்துவிடும். வேகவைத்த கீரை ஒரு சிட்டிகை, அது தீர்ந்த பிறகு அடுத்தது. தங்கிய கீரையை மறுநாள் எடுத்துவிடுங்கள், அழுகினால் அம்மோனியா ஏறும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்குத் தண்ணீர் மாற்றுங்கள். கொசுப்புழுவை இவை தின்றுவிடும் என்று நம்பாதீர்கள், இவை முக்கியமாகப் பாசி மேய்பவை. டப்பின் மேல் கொசுவலை கட்டிவிடுங்கள். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பின்னங்கால் வந்து, அதன் பிறகு முன்னங்கால் வரும். முன்னங்கால் கண்டதும் வலையை எடுத்துவிட்டு, நீருக்குள்ளிருந்து விளிம்பு வரை ஒரு சாய்வான கட்டையை வையுங்கள். அந்த நேரத்தில் அது சாப்பிடுவதை நிறுத்தியிருக்கும், செவுளும் போயிருக்கும். ஏற வழியில்லாத வழவழ டப்பில் அதுவரை பிழைத்து வந்தவை மூழ்கிச் சாவது பெரும்பாலும் அந்த இரண்டு மூன்று நாளில்தான்.